‘சேரல’ என்று சொன்ன அமுதா

நான் ஓய்வு பெற்ற பத்தாவது மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், ரேவதி என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். என் இடத்துக்கு வந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் அவள். வேலைக்கு வந்து ஓராண்டு நிறையவில்லை. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் தடித்த பதிவேடுகளில் எழுதிக் குவித்ததையெல்லாம் அவள் ஒரு டேப்லெட்டில் விரலால் தொட்டுத் தொட்டுப் பதிகிறாள்.

“அக்கா, ஒரு சந்தேகம். நாலு மாசக் கைப்பிள்ளை. தாய்ப்பால் மட்டுந்தான். ‘நான் முட்டை தின்னா பிள்ளைக்குச் சேரல’ங்கிறாங்க. டேப்ல ‘ஒவ்வாமை’ன்னு ஒரு கட்டம் வருது. ஆமான்னு போடவா, இல்லைன்னு போடவா? ரெண்டுல ஒண்ண அமுக்கினாத்தான் அடுத்த பக்கமே தெறக்குது.”

நான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று எண்ணி, “அக்கா, லைன்ல இருக்கீங்களா?” என்று அவள் இரண்டு முறை கேட்டாள். இருந்தேன். அன்னவாசலில் என் வீட்டுக் கூடத்தில் கைப்பேசியைக் காதில் வைத்தபடி நின்றேன்.

என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஆவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான், எட்டாம் வகுப்பிலேயே பள்ளி மேடையில் ஏறிவிட்டவள். ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன். தலைப்பை எந்தப் பக்கம் திருப்பிக் கொடுத்தாலும் அந்தப் பக்கம் நின்று வெல்வேன். எனக்கென்று ஒரு முறை உண்டு. எதிரணியில் பேசியவர் கடைசியாக விட்டுச்சென்ற சொல்லை எடுத்துக்கொள்வேன். அதையே என் முதல் சொல்லாக்கித் தொடங்குவேன். அவர் சொல் அவரையே அடிக்கும். அவை சிரிக்கும். சிரித்த அவை சிரிக்க வைத்தவளின் பக்கம்தான் சாயும். இந்த ஒரு வித்தையால் நான் வாங்கிய கோப்பைகள் என் தந்தையாரின் அலமாரியில் இரண்டு தட்டுகளை அடைத்துக்கொண்டிருந்தன. அந்த வயதில் என்னை நானே மெச்சிக்கொண்டதற்கு அளவில்லை.

செவிலியர் பயிற்சிப் பள்ளியின் இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊசி போடவும், பிரசவம் பார்க்கவும், எடைக் கருவியின் முள்ளை நேர்க்கோட்டில் நின்று படிக்கவும் கற்றேன். விடுதி ஆண்டு விழாவில் இன்னொரு கோப்பை வாங்கினேன். பிறகு விராலிமலைக்கு மேற்கே ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் பணியில் அமர்த்தப்பட்டேன். ஊரார் என்னைச் சகாயம் சிஸ்டர் என்றார்கள். கடைசி வரை அந்தப் பெயர்தான்.

எனக்கு அங்கே ஓர் எதிரணி கிடைத்தது. அதன் பெயர் பத்தியம். பிள்ளை பெற்றவள் பச்சை உடம்புக்காரி என்று சொல்லி, அவளுக்குத் தண்ணீரைக்கூட அளந்து கொடுத்தார்கள். பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும் தவிர மற்றதெல்லாம் விலக்கு. கீரை சேராது, முட்டை சேராது, கடலை சேராது, பழம் குளிர்ச்சி. இரத்தமின்றி வெளுத்துப் போன தாய்மாரின் கண்ணிமையை நான் கீழே இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் சினம் மூண்டது. அங்கன்வாடி மையத்தில் மாதந்தோறும் கூடும் தாய்மார் கூட்டத்தை நான் மேடையாக்கிக்கொண்டேன். “ஆடு கீரை தின்கிறது, அதன் குட்டி துள்ளுகிறது. நீங்கள் கீரை தின்றால் மட்டும் உங்கள் குட்டிக்குச் சேராதா?” என்பேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மறுமாதம் அவர்கள் வீட்டு அடுப்பில் முட்டை வேகும். அந்தப் போரை நான் தொடுத்தது தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். பல பெண்கள் அதனால் எழுந்து நடமாடினார்கள். ஆனால் வெற்றி என் காதுக்கு ஒரு கெடுதல் செய்தது. ‘சேரல’ என்ற சொல்லை யார் சொன்னாலும் அது எனக்குப் பத்தியத்தின் குரலாகவே கேட்கத் தொடங்கியது.

எங்கள் ஊர்த் தாய்மாருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் கழிவில் ஏதாவது மாறுதல் கண்டால் அதை வாயால் சொல்லக் கூசுவார்கள். அந்தத் துணியையே மடித்துப் பையில் போட்டு எடுத்து வருவார்கள். கூட்டம் கலைந்த பின் ஓரமாக நின்று, “சிஸ்டர், இத செத்தப் பாருங்க” என்று அவிழ்த்துக் காட்டுவார்கள். இதை நான் அறிவேன். நன்றாகவே அறிவேன்.

ஓய்வுக்கு எட்டு ஆண்டுகள் இருந்தபோது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் மருத்துவர் வந்தார். என் மகளைவிட இரண்டு வயது இளையவர். மெலிந்த உருவம், ஏறிட்டுப் பார்க்காத கண்கள், பத்துச் சொல்லில் சொல்ல வேண்டியதை மூன்றில் முடிக்கும் கஞ்சத்தனம். வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார். மாதக் கூட்டத்தில் எங்கள் பதிவேடுகளைத் தம் முன் அடுக்கச் சொல்லி, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு படிப்பார். என் பதிவேட்டில் ‘பால் சேரவில்லை என்றார், ஆலோசனை வழங்கப்பட்டது’ என்ற வரியை முதல் மாதமே அடித்தார்.

“சேரலைன்னா என்ன சிஸ்டர்?”

“ஒத்துக்கலைன்னு அர்த்தம் மேடம்.”

“அது எனக்கும் தெரியும். என்ன வந்துச்சு? வாந்தியா, தடிப்பா, பேதியா, வெறும் அழுகையா?”

“அப்படி அவங்க சொல்லலை மேடம்.”

“நீங்க கேக்கல.”

இரண்டு சொல். முப்பது செவிலியர்கள் முன்னிலையில். நான் சிரித்துச் சமாளித்து, தாய்மாரின் அறியாமை குறித்துச் சற்று விரிவாகப் பேசத் தொடங்கினேன். அவர் பேனாவை மூடினார். “இது பேச்சுப் போட்டி இல்ல சிஸ்டர். உக்காருங்க.”

அன்று முதல் அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஆனாலும் அவர் வேலை செய்யும் முறையை நான் கவனித்தேன். அதற்குக் காரணம் வியப்பு என்று சொல்லமாட்டேன். குறை காணத்தான் பார்த்தேன். பாலூட்டும் தாய் ஒருத்தி வந்து ‘சேரல’ என்றால் அவர் ஐந்து கேள்விகள் கேட்பார். வரிசை மாறாது, குரல் ஏறாது. நீ என்ன சாப்பிட்ட? எவ்வளவு நேரங்கழிச்சு பிள்ளைக்கு ஆச்சு? கண்ணால என்ன பார்த்த? ஒடம்புல எங்க பார்த்த? மறுபடி அதையே சாப்பிட்டப்ப மறுபடி வந்துச்சா? கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புத்தான் எனக்குப் பொறுக்காது. தாய் திணறும்போது நான் சொல் எடுத்துக் கொடுப்பேன். அவர் கையை மட்டும் உயர்த்தி என்னைத் தடுப்பார். பிறகு பிள்ளையின் சட்டையைக் கழற்றி, முழங்கை மடிப்பிலும் காதுக்குப் பின்னும் விரலால் தடவிப் பார்ப்பார். துணி கொண்டுவந்திருந்தால் சன்னலருகே எடுத்துப்போய் வெளிச்சத்தில் விரிப்பார். முகத்தைச் சுளித்து நான் ஒருநாளும் கண்டதில்லை.

ஒருநாள் ஒரு சின்னப் பெண் வந்தாள். கத்திரிக்காயும் முட்டையும் தின்றால் பிள்ளை மாலை முழுதும் முறுக்கிக்கொண்டு அழுகிறது என்றாள். ஐந்து கேள்விகளும் முடிந்தன. தோலில் தடிப்பில்லை, கரப்பான் புண் இல்லை, கழிவில் சளியோ இரத்தமோ இல்லை, எடை நன்றாக ஏறியிருந்தது. கத்திரிக்காய் தின்னாத நாளிலும் பிள்ளை அழுதிருந்தது. மருத்துவர் அவளைப் பாலூட்டச் சொல்லிப் பார்த்தார். பால் பீறிட்டுப் பாய, பிள்ளை மடக் மடக்கென்று காற்றையும் சேர்த்து விழுங்கியது. அவள் ஐந்து நிமிடத்துக்கொரு முறை பக்கம் மாற்றினாள். “ஒரு பக்கம் முழுசாக் குடிச்சு முடிக்கட்டும். அப்புறம் மாத்து. தோள்ல போட்டுத் தட்டு. கத்திரிக்காயும் தின்னு, முட்டையும் தின்னு” என்று அனுப்பிவிட்டார்.

அவள் போனதும் ஒரு சீட்டின் பின்புறத்தில் நடுவே கோடு கிழித்து எனக்குக் காட்டினார்.

“ரெண்டும் ஒண்ணு இல்ல சிஸ்டர். இந்தப் பக்கம், வயித்துக்கு முடியல. வாயு, உப்புசம், அழுகை, கொஞ்சம் எளக்கமாப் போறது. கஷ்டந்தான், ஆபத்தில்ல. பாதி நேரம் சாப்பாடே காரணமா இருக்காது. அந்தப் பக்கம், ஒடம்பே அந்தச் சாப்பாட்ட எதிரின்னு நெனச்சுச் சண்டைக்கு நிக்குது. தாய் தின்னது பால்ல துளி வந்தாலும் போதும். தடிப்பு, விடாத கரப்பான், கழிவுல ரத்தம், வாந்தி, மூச்சிளைப்பு. ஆபத்தானது இதுல இருக்கு. உங்க ஊர்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. அதான் நான் அடிக்கிறேன்.”

அவர் என்னிடம் அதிகம் பேசியது அந்த ஒரு முறைதான். நான் அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். பார்த்தாயா, இந்த முறையும் ‘சேரல’ தோற்றது, படித்த மருத்துவரே முட்டை தின்னச் சொல்லிவிட்டார் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். மறுபக்கத்தைப் படித்ததாகக்கூட நினைவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் அமுதா எழுந்து நின்றாள்.

இருபத்திரண்டு வயது. கணவன் திருப்பூரில் வேலை. கணவனின் அக்காள் ராசாத்தி வீட்டோடு இருந்து இரண்டு கறவை மாடுகள் வைத்திருந்தாள். அமுதா தன் பிள்ளைக்குக் கதிர் என்று பெயரிட்டிருந்தாள். மூன்று மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டுமே. கன்னத்தில் கரப்பான் படர்ந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். கைப்பிள்ளைக்குச் சகசம் என்று விட்டிருந்தேன். அன்றைய தாய்மார் கூட்டத்தில், பாலூட்டும் பெண் நாளுக்கு இரண்டு தம்ளர் பசும்பால் குடிக்க வேண்டும் என்று நான் உரையாற்றிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு மஞ்சள் பையைச் சுருட்டிப் பிடித்தபடி அவள் எழுந்தாள்.

“சிஸ்டர், நான் பால் குடிச்சா பிள்ளைக்குச் சேரலங்க.”

“எங்க மாட்டுப் பாலுக்குக் கொம்பா மொளச்சிருக்கு?” என்றாள் ராசாத்தி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. “ஊரே வாங்கிக் குடிக்குது. இவ பிள்ளைக்குத்தான் சேரலையாம்.”

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு மணியோசை போலக் கேட்டது. எதிரணியின் கடைசிச் சொல் என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்தேன்.

“சேரல! பால் சேரல! தாய்மார்களே, கன்றுக்குச் சேர்ந்த பால், கடவுளுக்குச் சேர்ந்த பால், ராசாத்தி வீட்டு வாசலில் வரிசையில் நிற்கும் ஊருக்கெல்லாம் சேர்ந்த பால், அமுதா வீட்டு மகாராசாவுக்கு மட்டும் சேரலையாம். மகாராசா எந்த நாட்டுக்காரர் என்று கேட்டுச் சொல் அமுதா, அந்த நாட்டு மாட்டை வரவழைப்போம்!”

கூரை அதிரச் சிரித்தார்கள். அங்கன்வாடிப் பணியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமுதாவும் சிரித்தாள். சிரித்தபடியே உட்கார்ந்தாள். பையை இன்னும் ஒரு சுற்று இறுக்கச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டம் கலைந்த பின் ஓரமாக வந்து நிற்கவில்லை. போய்விட்டாள். அந்தப் பையை நான் பார்த்தேன் என்பதையும், அது என்னவென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை.

அதன் பின் அவள் நான் சொன்னபடி நடந்தாள். இரண்டு தம்ளர் பால் குடித்தாள். ராசாத்தி அளந்து ஊற்றி, எதிரில் நின்று குடிக்க வைத்தாள். நான்காம் மாதம் வளர்ச்சி அட்டையில் கதிரின் எடைக் கோடு படுத்தது. ஐந்தாம் மாதமும் எழவில்லை. ‘தாய்க்கு ஊட்டச்சத்து ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று எழுதினேன். “ஏதாவது தொந்தரவு உண்டா?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்” என்றாள். சிவப்புப் பேனா அந்த வரிக்கு அருகே ஒரு கேள்விக்குறி போட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னது. போனேன். கரப்பானுக்கு யாரோ கொடுத்த எண்ணெயைத் தடவியிருந்தார்கள். கன்னம் மினுமினுத்தது. நலம் என்று எழுதிவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு முதல் உணவு ஊட்டிக் காட்டும் நாள் வந்தது. அங்கன்வாடி மையத்தில் பருப்புச் சோறு குழைத்துத் தயாராக இருந்தது. பயிற்சியில் சொல்லியிருந்ததும் அதுதான். கதிரைக் கண்டதும் எனக்குப் பழைய வெற்றி நினைவுக்கு வந்தது. ராசாத்தியிடம் கொஞ்சம் பால் கேட்டு வாங்கினேன். நன்றாகக் காய்ச்சிய பால். சோற்றில் ஊற்றி மசித்தேன்.

“மகாராசாவுக்கு இன்னிக்கு நம்ம ஊர்ப் பாலு!” என்று சொல்லிக் கரண்டியை உயர்த்திக் காட்டினேன். அமுதா என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைத் தன் பக்கமாக ஒரு விரற்கடை இழுத்தாள். அவ்வளவுதான். மறுக்கவில்லை. ஒரு கரண்டி. இன்னும் அரைக் கரண்டி. அவனுக்குப் பிடித்திருந்தது, வாயைத் திறந்து திறந்து கேட்டான். எல்லாரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்து அடுத்த குழந்தையை நான் மடியில் வாங்குமுன், “சிஸ்டர்” என்றாள் அமுதா. கதிரின் உதடு தடித்திருந்தது. வாயைச் சுற்றிச் சிவந்த திட்டுகள். அவை கழுத்துக்கு இறங்கின, வயிற்றுக்குப் பரவின. வாந்தி எடுத்தான். பிறகு அழ முயன்றான். அழுகைக்குப் பதிலாக ஒரு கீச்சொலிதான் வந்தது. நெஞ்சுக் குழி உள்ளே உள்ளே போனது. 108-ஐ அழைத்தேன். மணப்பாறைப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள். காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் அமுதா பிள்ளையோடு நடுவில் உட்கார, அவளைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பறந்தோம். வழியில் கீச்சொலியும் நின்றது. எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் அந்த ஆறு கிலோமீட்டரில் எதற்கும் பயன்படவில்லை.

மருத்துவர் பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் தொடையில் ஊசியை இறக்கினார். அட்ரீனலின். மூக்கில் ஆக்சிஜன். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தம் கையிலேயே எழுதிக்கொண்டார். இரண்டாவது ஊசிக்கு மருந்தை ஏற்றி வைத்துக்கொண்டு, பிள்ளையின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல், என்னைக் கேட்டார்.

“என்ன கொடுத்தீங்க?”

“பால் சோறு மேடம். ஒன்றரைக் கரண்டி.”

“எவ்வளவு நேரங்கழிச்சு?”

“அஞ்சு நிமிஷத்துக்குள்ள.”

“மொதல்ல என்ன பார்த்தீங்க?”

“உதட்டு வீக்கம். அப்புறம் தடிப்பு, வாயைச் சுத்தி, கழுத்து, வயிறு. வாந்தி ஒரு தடவ. அப்புறம் இளைப்பு.”

என் வாழ்நாளில் நான் பேசிய மிக ஒழுங்கான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். ஐந்தாவது கேள்வியை அவர் என்னிடம் கேட்கவில்லை. அமுதாவின் பக்கம் திரும்பினார். “இதுக்கு முன்னாடி நீ பால் குடிச்சப்ப ஏதாவது வந்துச்சாம்மா?”

அமுதா என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை. பிறகு சொன்னாள்.

“ரத்தங்க. நூல் நூலா. மொளகாத் தோலு கணக்கா. நான் பால் குடிக்காத நாலு நாளு வராது. குடிச்சா மறுநாளு வரும். துணிய எடுத்தாந்தேங்க, காமிக்கலாம்னு.”

“யார்கிட்ட காமிச்ச?”

“காமிக்கலைங்க.”

மருத்துவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நாலு நாள் நிறுத்தி, மறுபடி குடித்து, மறுபடி வந்ததைக் கண்டறிந்திருந்தாள் அந்தப் பெண். ஐந்து கேள்விக்கும் விடையைத் தானே தேடி மடித்துப் பையில் கொண்டுவந்திருந்தாள்.

கதிர் பிழைத்தான். இரண்டாவது ஊசி தேவைப்படவில்லை. புதுக்கோட்டையில் மூன்று நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், தாய்தான் பால், தயிர், மோர், நெய், பால்கோவா எதையும் தொடக் கூடாது என்றார் எங்கள் மருத்துவர். பால் பவுடர் டப்பாவும் பசும்பாலில் செய்ததுதான், அதுவும் கூடாது என்று ராசாத்தியை நிற்கவைத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டு வாரத்தில் கழிவில் இரத்தம் நின்றது. கரப்பான் உலர்ந்தது. எடைக் கோடு எழுந்தது. என் மீது புகார் எழுத வேண்டிய மருத்துவர், என் பதிவேட்டில் அந்த மாதப் பக்கத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, எதையும் அடிக்காமல் மூடினார். அடித்திருக்கலாம். அவர் அடிக்காத அந்தப் பக்கத்தை நான் பிறகு பிரித்ததே இல்லை.

அமுதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சொற்களைத் தேடி, செதுக்கி, நன்றாகவே கேட்டேன். அவள் பதறிப்போய், “ஐயோ, என்னங்க சிஸ்டர், நீங்க போயி” என்றாள். அதோடு முடிந்தது என்று நான் நம்பினேன்.

முடியவில்லை என்பது மெல்லத்தான் தெரிந்தது. அவள் என்னிடம் எதையும் மறுப்பதில்லை. எதையும் சொல்வதும் இல்லை. “நீங்க சொன்னாச் சரிதாங்க சிஸ்டர்.” இந்த ஒரு வாக்கியம்தான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அவள் மரியாதையாகச் சொன்னாள். தாய்மார் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்வாள். யாராவது எழுந்து ‘சேரல’ என்றால் நான் உடனே பேச்சை நிறுத்தி, ஐந்து கேள்விகளையும் கேட்டுக் காத்திருப்பேன். அப்போது என் கண் கடைசி வரிசைக்குப் போகும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கதிருக்கு இரண்டரை வயதானபோது அவள் மறுபடி கருவுற்றாள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கேட்டேன். தலைவலி? கால் வீக்கம்? அசைவு? “நல்லாருக்கேங்க சிஸ்டர்.” எட்டாம் மாதத்தில் ஒரு காலை, நான் அவள் வயிற்றில் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் குழாயை வைத்துக் காதை அழுத்தினேன். இடம் மாற்றி வைத்தேன். மறுபடி மாற்றினேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.

“அமுதா, பிள்ளை எப்பலேருந்து அசையல?”

“முந்தாநாளு மத்தியானத்துலேருந்துங்க.”

“ரெண்டு நாளா? ஏம்மா எனக்கு ஒரு போன் பண்ணல? ஏன் சொல்லல?”

அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. செய்தி சொல்வது போலத்தான் சொன்னாள்.

“ஒரு தடவ சொன்னேங்க சிஸ்டர்.”

பெண் குழந்தை. முழு உருவமாக இருந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்று மருத்துவரைக் கேட்டேன். தெரியாது என்றார். ஆறுதல் சொல்லவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்தக் கஞ்சத்தனத்தை அன்றுதான் நான் மதித்தேன். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவர் மேற்படிப்புக்குப் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற நாளில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நாவன்மை மிக்க செவிலியர் என்று புகழ்ந்தார்கள். ஏற்புரை ஆற்ற அழைத்தபோது நன்றி என்று மட்டும் சொல்லி அமர்ந்தேன். உணர்ச்சி மேலீடு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும்தான் ரேவதியின் கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் கிடந்தது. “அக்கா, கேக்குதா? ஆமாவா, இல்லையா?” என்று அவள் மூன்றாம் முறை கேட்டபோதுதான் எனக்குக் குரல் வந்தது.

“ரேவதி, அந்தக் கட்டத்த விடு. அந்தம்மாகிட்ட போனக் குடு.”

“அவங்க கெளம்பிட்டாங்கக்கா. நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தீங்கள்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு, சும்மாதான் கேட்டேன்னு சொல்லிட்டு இப்பத்தான் அங்கிட்டுப் போறாங்க.”

“கையில பை ஏதாவது வச்சிருந்தாங்களா?”

“ஒரு கேரி பேக் வச்சிருந்தாங்க. ஏங்க்கா?”

“ஓடு. போனக் கட் பண்ணாத. ஓடிப் போயி அந்தப் பையில என்னன்னு கேளு. கேட்டுட்டுப் பேசாம நில்லு.”

அவள் ஓடினாள். காலடி ஓசையும் மூச்சிரைப்பும் என் காதில் விழுந்தன. தொலைவில் ஒரு பேருந்தின் ஹாரன். ரேவதி அந்தத் தாயைக் கூப்பிட்டாள். “அக்கா, செத்த நில்லுங்க. அந்தப் பையில என்னங்க?”

“அதுவா? ஒண்ணுமில்லீங்க. சும்மாதாங்க.”

‘ஒண்ணுமில்லீங்க.’ அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு தொடங்க எனக்கு எத்தனையோ வாக்கியங்கள் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பேசியைக் காதோடு அழுத்தினேன். ரேவதியும் பேசவில்லை. பேருந்து வந்து நின்றது. நடத்துநர் ஏறச் சொல்லிக் கத்தினார். யாரும் ஏறிய சத்தம் இல்லை. பேருந்து கிளம்பிப் போனது.

அதன் பிறகு, பாலிதீன் பை ஒன்று முடிச்சு அவிழும் மெல்லிய சரசரப்பைக் கேட்டேன்.